ஆற்றுக்கு அந்தக் கரையில் போன ரயில்: நிக்கோடெமஸ் என்னும் ஊரின் கதை

1878-இன் வசந்தகாலம். கென்டக்கியிலிருந்து ரயிலில் வந்து, கான்சஸ் மாநிலத்தின் எல்லிஸ் என்ற ஸ்டேஷனில் இறங்கிய ஒரு கறுப்பினக் கூட்டம், அங்கே பிள்ளைகளுக்குத் தட்டம்மை பரவியதால் சில நாள் தங்கி, சிலரைப் பறிகொடுத்து, பிறகு மூட்டைமுடிச்சுகளோடு வடக்குப் பக்கமாக நடந்தது. சாலை கிடையாது. திசைகாட்டியை வைத்துக்கொண்டு புல்வெளியில் இரண்டு நாள் நடை, சுமார் 35 மைல். கடைசியில் ஆண்கள் கத்தினார்கள், அதோ நிக்கோடெமஸ் என்று. பாதிரியார் டேனியல் ஹிக்மனின் மனைவி வில்லியானா ஹிக்மன் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. எங்கே என்று கேட்டபோது, தரையிலிருந்து எழும் புகையைக் காட்டினார்கள். அதுதான் ஊர். மனிதர்கள் பூமிக்குள் குழி தோண்டி அதற்குள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். தான் அங்கேயே அழுதுவிட்டதாக அந்த அம்மா பல வருஷம் கழித்துச் சொல்லியிருக்கிறார்.

அந்த ஊர் இன்றும் இருக்கிறது. 2020 கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை 14.

மேயரும் கவுன்சிலும் இல்லாத இந்த மாதிரி ஊர்களுக்கு அமெரிக்காவில் அன்இன்கார்ப்பரேட்டட் கம்யூனிட்டி என்று பெயர். அந்த நாடு முழுக்க இப்படி ஆயிரக்கணக்கில் உண்டு. பெரும்பாலானவற்றின் கதை நான்கு வரியில் முடிந்துவிடும்: தபால் நிலையம் திறந்தது, ஒரு கடை வந்தது, நெடுஞ்சாலை தள்ளிப் போனது, கடை மூடியது. நிக்கோடெமஸின் கதை அப்படி இல்லை. உள்நாட்டுப் போருக்குப் பிந்திய புனரமைப்புக் காலத்தில், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட மக்கள் மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே தாங்களாகவே அமைத்த ஊர்களில் இன்றுவரை மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். ஆனால் அதன் வாழ்வையும் தேய்வையும் புரிந்துகொள்ள வரலாறு மட்டும் போதாது. மழை எவ்வளவு பெய்கிறது, ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது, ரயில் எந்தக் கரையில் போனது என்பதையும் பார்க்க வேண்டும்.

முதலில் அந்த அன்இன்கார்ப்பரேட்டட் விஷயத்தைத் தெளிவாக்கிவிடலாம். நம் ஊரில் எவ்வளவு சின்னக் குக்கிராமமாக இருந்தாலும் ஏதாவது ஒரு ஊராட்சிக்குள் வந்துவிடும், அதற்கென்று ஒரு தலைவர், ஒரு வார்டு உறுப்பினர் இருப்பார். அமெரிக்காவில் அப்படி இல்லை. ஒரு இடத்து மக்கள் மனுப்போட்டு, மாநிலச் சட்டப்படி தங்களை ஒரு நகரமாகப் பதிவுசெய்துகொண்டால்தான் அது நகரம். அப்போதுதான் வரி போடலாம், விதி செய்யலாம், மேயரைத் தேர்ந்தெடுக்கலாம். பதிவு செய்யாத ஊருக்கு வரைபடத்தில் பெயர் இருக்கும், சட்டத்தின் கண்ணில் உடம்பு இருக்காது. எல்லைக்கோடுகூட உறுதியாக இருக்காது. சாலை, போலீஸ் எல்லாவற்றுக்கும் கவுன்ட்டி, அதாவது நம் மாவட்டம் மாதிரியான நிர்வாகத்தைத்தான் பார்க்க வேண்டும். நிக்கோடெமஸ் இருப்பது கான்சஸின் வடமேற்கில், கிரகாம் கவுன்ட்டியில். கவுன்ட்டி முழுவதற்குமே சுமார் 2,400 பேர்தான். தலைநகரான ஹில் சிட்டி மேற்கே 12 மைல், கிழக்கே பக்கத்து கவுன்ட்டியின் ஸ்டாக்டன் சுமார் 20 மைல், நடுவில் 24-ஆம் எண் நெடுஞ்சாலை ஓரமாக இந்த ஊர்.

சரி, கென்டக்கியிலிருந்து இவ்வளவு தூரம் ஏன் வந்தார்கள்?

உள்நாட்டுப் போரில் கென்டக்கி வடக்குப் பக்கமே நின்றது. அதனால் லிங்கனின் விடுதலைப் பிரகடனம் அங்கே செல்லவில்லை, பிரகடனம் கிளர்ச்சி செய்த மாநிலங்களுக்கு மட்டும்தான். போர் முடிந்த பிறகும் கென்டக்கியில் அடிமை முறை சட்டப்படி நீடித்தது. 1865 டிசம்பரில் 13-ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்தபோதுதான் அங்கே முற்றாக விலங்கு அறுந்தது. விடுதலை கிடைத்தது, நிலம் கிடைக்கவில்லை. பழைய எஜமானின் வயலிலேயே குத்தகைக்கும் கூலிக்கும் நிற்க வேண்டும், இரவில் முகமூடிக் கும்பல்கள் வரும். 1877-இல் தெற்கு மாநிலங்களில் மிச்சமிருந்த மத்தியப் படைகளும் அரசியல் பேரத்தில் பின்வாங்கப்பட்டபோது, இனி யாரும் காப்பாற்ற வரமாட்டார்கள் என்பது எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

அதே நேரத்தில் மேற்கே நிலம் சும்மா கிடந்தது, அல்லது அப்படிச் சொன்னார்கள். அங்கே வாழ்ந்த பூர்வகுடிகளை விரட்டிவிட்டுத்தான் அதைச் சும்மா கிடக்கும் நிலமாக்கினார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. 1862-இன் ஹோம்ஸ்டெட் சட்டப்படி, சொற்பப் பதிவுக் கட்டணம் கட்டி, ஐந்து வருஷம் அதே நிலத்தில் குடியிருந்து உழுதால் 160 ஏக்கர் சொந்தம். தோல் நிறம் தடை இல்லை. கூடவே கான்சஸ் என்ற பெயருக்கே ஒரு ஈர்ப்பு இருந்தது. அடிமை முறை வேண்டுமா வேண்டாமா என்று 1850-களில் ரத்தம் சிந்திச் சண்டையிட்டு, 1861-இல் அடிமையில்லா மாநிலமாக நாட்டோடு சேர்ந்த மண் அது. அடிமை முறையை ஆயுதம் ஏந்தி எதிர்த்த ஜான் பிரவுன் நின்று சண்டை போட்ட மண்.

1877 ஏப்ரலில் நிக்கோடெமஸ் டவுன் கம்பெனி உருவானது. ஏழு பேர், அதில் ஆறு பேர் கறுப்பினத்தவர், ஒருவர் வெள்ளையர். தலைவர் டபிள்யூ. எச். ஸ்மித், செயலாளர் பாதிரியார் சைமன் ரவுண்ட்ரீ. அந்த ஒரு வெள்ளையர் இண்டியானாவிலிருந்து வந்த நில வியாபாரி டபிள்யூ. ஆர். ஹில். பக்கத்தில் ஹில் சிட்டியை நிறுவியவரும் அவரேதான். கென்டக்கியின் தேவாலயங்களில் துண்டுப் பிரசுரங்கள் போயின. சாலமன் ஆற்றுப் பள்ளத்தாக்கு, வளமான கறுப்பு மண், மரம், தண்ணீர், 5 டாலர் கொடுத்துச் சேரலாம். ஊரின் பெயர் பைபிளில் இரவில் இயேசுவைத் தேடி வந்த நிக்கோதேமுவிடமிருந்து வந்தது என்பார் உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டு உழைத்துத் தன் விடுதலையைத் தானே வாங்கிய ஒருவரைப் பற்றிய வழக்குக் கதையிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. குடியேறியவர்களுக்கு இரண்டுமே பொருந்தும். இரண்டாவதைத்தான் அதிகம் விரும்பியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

1877 ஜூனில் ரவுண்ட்ரீ முதல் ஆளாக வந்தார். ஜூலையில் ஸகரி ஃப்ளெட்சரும் மனைவி ஜென்னியும், டொபீகாவிலிருந்து ஒரு சிறு குழுவும். செப்டம்பரில் கென்டக்கியின் லெக்சிங்டன் பக்கத்திலிருந்து சுமார் 300 பேர் வந்து சேர்ந்தார்கள். வந்தவர்கள் பார்த்தது வெறும் புல். பிரசுரத்தில் இருந்த மரம் ஆற்றோரம் ஒரு வரிசை மட்டும்தான். கோபத்தில் ஹில்லைத் தேடியவர்கள் உண்டு, திரும்பிப் போன குடும்பங்களும் நிறைய. திரும்பிப் போனவர்களைக் குறை சொல்ல முடியாது. செப்டம்பரில் வந்து விதைக்க முடியாது, குளிர்காலம் தலைக்கு மேல் நிற்கிறது, ஊர் மொத்தத்துக்கும் குதிரைகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவு.

இங்கே நிலவியலைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், கதையின் முடிச்சே இதில்தான் இருக்கிறது.

அமெரிக்க வரைபடத்தில் மேற்கு 100-ஆவது தீர்க்கரேகை என்று ஒரு கோடு வடக்குத் தெற்காகப் போகிறது. அதற்குக் கிழக்கே ஆண்டுக்கு 20 அங்குலத்துக்கு மேல் மழை, மேற்கே அதற்குக் குறைவு என்பது பொதுவான கணக்கு. 20 அங்குலம் என்றால் ஏறத்தாழ 500 மில்லிமீட்டர். கிழக்கே மழையை நம்பி விவசாயம் செய்யலாம். மேற்கே செய்தால் சூதாட்டம். நிக்கோடெமஸ் அந்தக் கோட்டுக்குக் கிழக்கே வெறும் 20 மைலில் இருக்கிறது. நல்ல வருஷத்தில் அந்த மழைக்கோடு மேற்கே தள்ளிப்போகும், ஊர் பச்சைப் பக்கத்தில் இருக்கும். கெட்ட வருஷத்தில் கோடு கிழக்கே நகர்ந்து ஊரையே தாண்டிவிடும். அந்தக் காலத்தில் கலப்பை போகும் இடத்துக்கு மழையும் பின்னாலேயே வரும் என்று படித்தவர்களே நம்பினார்கள், நில வியாபாரிகளும் ரயில் கம்பெனிகளும் அதையே முரசடித்தார்கள். நிக்கோடெமஸ் மக்கள் குழிவீட்டில் முதல் குளிர்காலத்தைக் கடந்த அதே 1878-இல்தான் மேற்குப் பகுதிகளை ஆராய்ந்த நிலவியலாளர் ஜான் வெஸ்லி பவல் வறண்ட நிலங்களைப் பற்றிய தன் அறிக்கையை அரசிடம் கொடுத்தார். இந்தப் பக்கத்தில் 160 ஏக்கரை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் பிழைக்க முடியாது, மேய்ச்சல் நிலமென்றால் ஒரு குடும்பத்துக்கு 2,560 ஏக்கர் வேண்டும் என்பது அவர் வாதம். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

160 ஏக்கர் என்றால் நமக்குப் பெரிய பண்ணையார் கணக்கு. அங்கே அது ஒரு குடும்பம் கடன் வாங்காமல் தப்பிக்கும் அளவுகூட இல்லை.

நிலத்தை அளந்த விதமும் ஊரின் உருவத்தைத் தீர்மானித்தது. அரசு சர்வேயர்கள் முழு மேற்கையும் ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரங்களாக வெட்டினார்கள், ஒவ்வொன்றுக்கும் 36 செக்‌ஷன், ஒரு செக்‌ஷன் 640 ஏக்கர். அதில் கால் பங்கு 160 ஏக்கர், அதுதான் ஒரு குடும்பத்துக்கு. நிக்கோடெமஸ் ஊர்மனையே அப்படி ஒரு கால் செக்‌ஷன்தான். குடியேறியவர்களில் பெரும்பாலோர் ஊர்மனைக்குள் குடியிருக்கவே இல்லை. சுற்றிலும் மைல்கணக்கில் விரிந்த தங்கள் சொந்த நிலத்தில்தான் இருந்தார்கள், ஏனென்றால் நிலத்தில் குடியிருந்தால்தான் பட்டா. ஆகவே நிக்கோடெமஸ் என்றால் நான்கு தெரு மட்டும் இல்லை. தேவாலயம், பள்ளிக்கூடம், கடை என்று எல்லாரும் வந்து கூடும் ஒரு நடு இடம், அதைச் சுற்றிப் பண்ணைகள். பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இது முக்கியம்.

குழிவீடு எப்படி இருக்கும்? ஓடைக்கரையில் ஒரு சரிவைத் தேர்ந்தெடுத்து, மண்வெட்டியால் உள்ளே குடைந்து போவார்கள். மூன்று பக்கமும் பூமிதான் சுவர். முன்பக்கம் மட்டும் கல்லோ, புல்வேரோடு செங்கல் மாதிரி வெட்டிய மண்கட்டியோ அடுக்கி, ஒரு கதவு, முடிந்தால் ஒரு ஜன்னல். மேலே வில்லோ மரக் கொம்புகளைப் பரப்பி, சுள்ளி போட்டு, காய்ந்த புல் போட்டு, அதன் மேல் மண். அடுப்புப் புகை போக ஒரு ஓட்டை. வில்லியானா பார்த்தது அந்த ஓட்டையிலிருந்து வந்த புகையைத்தான். மழை பெய்தால் மழை நின்ற பிறகும் உள்ளே சேறு சொட்டும், கோடையில் கூரையிலிருந்து பாம்பு விழும். ஆனால் வெளியே எலும்பைத் துளைக்கும் காற்று அடிக்கும்போது பூமிக்குள் கதகதப்பாக இருக்கும் என்பதும் உண்மை. விறகு இல்லாததால் காய்ந்த சாணத்தையும் சூரியகாந்தித் தண்டையும் எரித்தார்கள். வரட்டி எரித்துப் பழகிய நமக்கு இது புதிதில்லை, மரங்கள் அடர்ந்த கென்டக்கியிலிருந்து வந்தவர்களுக்குப் புதிது. காட்டெருமைகளை வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் கொன்று குவித்த எலும்புகள் புல்வெளி முழுக்க வெளுத்துக் கிடந்தன. அவற்றைப் பொறுக்கி வண்டியில் ஏற்றி, உரத்துக்காக விற்றுச் சோளமாவு வாங்கினார்கள்.

அந்த முதல் குளிர்காலத்தில் மக்கள் பட்டினியின் விளிம்பில் இருந்தபோது, வேட்டை முடிந்து திரும்பிக்கொண்டிருந்த ஓசேஜ் பழங்குடியினர் தங்கள் இறைச்சியைப் பகிர்ந்துகொடுத்தார்கள் என்பது நிக்கோடெமஸ் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் நினைவு. நிலத்தை இழந்தவர்கள், அந்த நிலத்துக்கு வந்துசேர்ந்த இன்னொரு இழந்த கூட்டத்துக்குச் சோறு போட்டார்கள். 1877 அக்டோபர் கடைசியில் ஒரு குழிவீட்டுக்குள் எம்மா வில்லியம்ஸ் ஒரு ஆண் குழந்தையைப் பெற்றார். அந்தக் குடியேற்றத்தில் பிறந்த முதல் பிள்ளை, பெயர் ஹென்றி. குளிர்காலத்தை அந்தக் குழந்தை தாண்டியது என்பதை நினைத்தாலே மனசு நிறைகிறது.

ஜென்னி ஃப்ளெட்சர் குழிவீட்டிலேயே பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்துப் பாடம் நடத்தினார். ஊரின் முதல் ஆசிரியை, முதல் தபால் நிலைய அதிகாரி, ஆப்பிரிக்க மெத்தடிஸ்ட் சபையின் தொடக்க உறுப்பினர், எல்லாம் அவரேதான். டவுன் கம்பெனியின் பட்டியலில் ஆண்கள் பெயர் வரிசையாக இருக்கிறது, அவர் பெயர் அதில் இல்லை. ஆனால் ஊர் என்ற ஒன்றை நடத்திக் காட்டியது யார் என்று கேட்டால் நான் இவரைத்தான் முதலில் சொல்வேன். கிரகாம் கவுன்ட்டியின் 1-ஆம் எண் பள்ளி மாவட்டம் நிக்கோடெமஸ்தான். எழுத்தறிவை மறுத்த அடிமை வாழ்விலிருந்து வந்தவர்கள், ஒரு கவுன்ட்டியிலேயே முதல் பள்ளிக்கூடத்தை நிறுவினார்கள்.

அப்புறம் நடந்ததுதான் ஆச்சரியம். முதல் வசந்தத்தில் மண்வெட்டியாலும் கைக்கொத்தாலும் கிளறிய துண்டு நிலங்கள் வருஷத்துக்கு வருஷம் பெரிதாகின. புல்வேர் பின்னிக் கிடந்த மண்ணை முதல்முறை உழுவது சாதாரண வேலை இல்லை, நல்ல எருதுகளும் இரும்புக் கலப்பையும் இருந்தாலே ஒரு நாளைக்கு ஓர் ஏக்கர், ஒன்றரை ஏக்கர்தான் ஆகும். கான்சஸின் கிழக்குப் பக்க ஊர்களிலிருந்து வந்த உதவிப் பொருள்களை ஆரம்பத்தில் வாங்கியவர்கள், 1879-இல் இனி வெளியார் தானம் வேண்டாம் என்று தாங்களே முடிவெடுத்தார்கள். மக்காச்சோளம் வறட்சியில் கருகியது, அதனால் மெல்லக் கோதுமைக்கு மாறினார்கள். எட்வர்ட் மெக்கேப் என்ற படித்த இளைஞர் 1878-இல் வந்து சேர்ந்தார். 1880-இல் கிரகாம் கவுன்ட்டி முறைப்படி அமைந்தபோது ஆளுநர் அவரைக் கவுன்ட்டி எழுத்தராக நியமித்தார். 1882-இல் அவர் மாநிலத் தணிக்கை அதிகாரி பதவிக்குப் போட்டியிட்டு வென்றார், 1884-இல் மறுபடியும் வென்றார். அடிமை முறை ஒழிந்து 17 வருஷத்தில், வெள்ளையர்கள் பெரும்பான்மையாக இருந்த ஒரு மாநிலம் முழுக்க வாக்குக் கேட்டு வென்ற ஒரு கறுப்பின மனிதர் குழிவீடுகளின் ஊரிலிருந்து போனார்.

1880-களின் நடுவில் நிக்கோடெமஸ் கல்லும் மரமுமாக மேலே எழுந்துவிட்டது. ஃப்ளெட்சரின் செயின்ட் பிரான்சிஸ் ஹோட்டல், 1885-இல் உள்ளூர்ச் சுண்ணாம்புக் கல்லில் கட்டிய மெத்தடிஸ்ட் தேவாலயம், மளிகைக் கடைகள், மருந்துக் கடை, வங்கி. 1886-இல் வெஸ்டர்ன் சைக்ளோன் என்ற பத்திரிகை தொடங்கியது, அடுத்த வருஷம் போட்டிக்கு இன்னொன்று. வெள்ளையர்களும் வந்து கடை வைத்தார்கள். இனி ஊருக்குத் தேவை ஒன்றே ஒன்றுதான்: ரயில்.

ரயில் வந்தால் கோதுமையை வண்டியில் ஏற்றிக்கொண்டு நாள் முழுக்கப் போக வேண்டியதில்லை, மரம் மலிவாக வரும், வியாபாரிகள் வருவார்கள். அந்தச் சமவெளியில் ரயில் இல்லாத ஊருக்கு எதிர்காலம் இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்த பாடம். மிசௌரி பசிபிக் கம்பெனியின் பாதை கிழக்கே ஸ்டாக்டன் வரை வந்துவிட்டது. அங்கிருந்து மேற்கே நீட்டினால் நிக்கோடெமஸ்தான். 1887 மார்ச்சில் நிக்கோடெமஸ் டவுன்ஷிப் (கவுன்ட்டியின் ஒரு உட்பிரிவு) மக்கள் 16,000 டாலர் கடன்பத்திரத்துக்கு வாக்களித்தார்கள், ரயில் பாதைக்கான மானியமாக. பத்து வருஷத்துக்கு முன்பு எருமை எலும்பு பொறுக்கி விற்றவர்கள் 16,000 டாலர் கடனைத் தலையில் ஏற்றிக்கொள்ளத் துணிந்தார்கள் என்றால் எவ்வளவு நம்பிக்கை வைத்திருக்க வேண்டும். சர்வேயர்கள் வந்தார்கள், கொடி நட்டார்கள், பத்திரிகை கொண்டாடியது. மிசௌரி பசிபிக் ஸ்டாக்டனைத் தாண்டவே இல்லை.

1888-இல் யூனியன் பசிபிக் வந்தது. ஆனால் அதன் பாதை சாலமன் ஆற்றின் தென்கரையில் போனது. நிக்கோடெமஸ் வடகரையில். இடையில் ஏறத்தாழ 6 மைல். தென்கரையில் ரயில்வே கூலிகள் போட்ட முகாம் ஒன்று போக் என்ற ஊரானது. மழை காலத்தில் பெருகி, கோடையில் மணல் தெரியும் அந்தச் சின்ன ஆறுதான் எல்லாவற்றையும் பிரித்தது. நிக்கோடெமஸ் வியாபாரிகள் ஒவ்வொருவராகக் கடையைத் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்தார்கள். பத்திரிகைகள் அதே 1888-இல் நின்றுபோயின. ஒரு வருஷத்துக்குள் கடைத்தெரு காலி.

ரயில் வராததற்கு இனவெறி காரணமா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் காலத்தில் எந்த முடிவும் அந்த நிழல் இல்லாமல் எடுக்கப்பட்டிருக்கும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ரயில் கம்பெனிகள் வெள்ளையர் ஊர்களையும் இப்படியே ஏலம் விட்டு ஏமாற்றின, ஊருக்கு ஊர் கடன்பத்திரம் வாங்கிக்கொண்டு அதிகம் கொடுத்தவன் பக்கம் போயின, பல இடங்களில் இருக்கிற ஊரை விட்டுவிட்டுத் தாங்களே பக்கத்தில் புது ஊர் போட்டு மனை விற்றன. வித்தியாசம் இதுதான்: ஏமாந்த வெள்ளைக் கடைக்காரருக்கு அடுத்த ஊரில் பிழைக்க வழி இருந்தது. நிக்கோடெமஸின் விவசாயிக்குத் தன் பெயரில் பட்டா இருக்கும் நிலம் உலகத்தில் இந்த ஒரு இடத்தில்தான் இருந்தது.

அதனால்தான் அவர்கள் போகவில்லை. கதையைச் சொல்கிறவர்கள் பலர் 1888-இல் ஊர் செத்துவிட்டது என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. செத்தது கடைத்தெரு. ஊர் என்பது பண்ணைகளும் தேவாலயமும் பள்ளிக்கூடமுமாக இருந்தது என்று முன்பே சொன்னேன் இல்லையா, அது அப்படியே இருந்தது. 1907-இல் பாப்டிஸ்ட் சபையார் புதிதாகத் தேவாலயம் கட்டினார்கள், 1918-இல் புதுப் பள்ளிக்கூடம் எழுந்தது. செத்த ஊரில் யாரும் முப்பது வருஷம் கழித்துப் பள்ளிக்கூடம் கட்டமாட்டார்கள். இன்னொன்றையும் பாருங்கள், ரயில் கிடைத்த போக் இன்றைக்கு எப்படி இருக்கிறது? இருநூறு பேர்கூட இல்லை. டிராக்டரும் அறுவடை இயந்திரமும் வந்த பிறகு ஒரு குடும்பம் உழும் நிலம் பல மடங்கு பெரிதானது, ஆள் தேவை குறைந்தது, மேற்குக் கான்சஸ் முழுவதும் ஊர்கள் காலியாகத் தொடங்கின. ரயில் வந்திருந்தால் நிக்கோடெமஸ் சில பத்தாண்டுகள் செழித்திருக்கும். அதற்கு மேல் அதே கதிதான்.

உண்மையில் ஊரை உலுக்கியது 1930-கள். நல்ல மழை பெய்த வருஷங்களில் எல்லாரும் புல்லை உழுது கோதுமை போட்டார்கள், மழை பொய்த்தபோது பிடித்துவைக்க வேர் இல்லாத மண் காற்றோடு கிளம்பியது. பட்டப்பகலில் விளக்கேற்ற வேண்டிய புழுதிப் புயல்கள். அந்த மழைக்கோடு ஊரைத் தாண்டிக் கிழக்கே போய்விட்டது. கோதுமை விலையும் விழுந்தது. பிள்ளைகள் டென்வருக்கும் டொபீகாவுக்கும் கான்சஸ் சிட்டிக்கும் கலிபோர்னியாவுக்கும் வேலை தேடிப் போனார்கள். அந்தக் கஷ்ட காலத்திலேயே அரசின் வேலைவாய்ப்புத் திட்டத்தில் உள்ளூர்ச் சுண்ணாம்புக் கல்லைக் கொண்டு ஒரு டவுன்ஷிப் கூடம் கட்டினார்கள், 1939-இல் முடிந்தது. தபால் நிலையம் 1953-இல் மூடியது, பிறகு பள்ளிக்கூடமும்.

ஹோட்டல் கட்டடம் பிறகு ஸ்விட்சர் குடும்பத்தின் வீடானது. இந்த ஊரில் பிறந்த வெரில் ஸ்விட்சர் 1954-இல் அமெரிக்கக் கால்பந்தின் தேசிய லீக் நடத்திய வீரர் தேர்வில், எல்லா அணிகளும் எடுத்தவர்களில் நான்காவது ஆளாகக் கிரீன் பே பேக்கர்ஸ் அணிக்குத் தேர்வானார். கான்சஸில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு.

இப்போது ஆகஸ்ட் 1-க்கு வருகிறேன், எனக்கு இந்த ஊரோடு நெருக்கம் வந்தது இதனால்தான். 1878-இலிருந்தே நிக்கோடெமஸ் மக்கள் விடுதலைத் திருநாள் கொண்டாடினார்கள். தேதி லிங்கனின் ஜனவரி 1 இல்லை, ஆகஸ்ட் 1. 1834-இல் அதே நாளில்தான் பிரிட்டிஷ் பேரரசின் மேற்கிந்தியத் தீவுகளில் அடிமை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது, அமெரிக்கக் கறுப்பின மக்கள் பல இடங்களில் அந்த நாளைத் தங்கள் நாளாகவும் எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சட்டம் நம்மையும் தொட்டுப் போயிருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளுக்கும் இலங்கைக்கும் அது பொருந்தாது என்று அதிலேயே விலக்கு எழுதியிருந்தார்கள். அதனால் இங்கே பண்ணையடிமைகளுக்கு அந்த ஆகஸ்டில் எதுவும் மாறவில்லை, இந்தியாவுக்கான சட்டம் 1843-இல்தான் வந்தது. அது மட்டுமில்லை, அடிமைகளை இழந்த மொரீஷியஸ் கரும்புத் தோட்டக்காரர்கள் ஆள் தேடி இந்தியாவுக்கு வந்தார்கள், அப்படி ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் ஏறியவர்களில் தமிழர்களும் உண்டு. பிறகு கரீபியன் தீவுகளுக்கும் போனார்கள். அங்கே ஒரு கூட்டம் விடுதலை பெற்ற தேதி, இங்கே இன்னொரு கூட்டம் கடல் கடக்கத் தொடங்கிய காலம்.

நிக்கோடெமஸில் அந்தத் திருநாள் ஆரம்பத்தில் ஒரு தோப்பில் நடந்தது, ஸ்க்ரக்ஸ் என்ற குடியேற்றக்காரரின் தோப்பு. சமையல், பேஸ்பால், குத்துச்சண்டை, இரவெல்லாம் பாட்டு. சுற்று வட்டாரத்து வெள்ளையர்களும் வருவார்கள். ஊரைவிட்டுப் போனவர்கள் பெருகப் பெருக அதுவே திரும்பி வரும் நாளாக மாறியது. இப்போது ஹோம்கமிங் என்று பெயர், ஜூலை கடைசி வார இறுதியில் நடக்கிறது. நம் ஊர்த் திருவிழாவுக்குச் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பஸ் பிடித்து வருவது போலத்தான். வீடு பூட்டிக் கிடக்கும், குலசாமி அங்கேதான் இருக்கும்.

1976-இல் அரசு இதைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. ஊர்ப் பிள்ளைகள் தொடர்ந்து முட்டி மோதியதன் பலனாக 1996 நவம்பரில் தேசியப் பூங்காச் சேவையின் கீழ் வரலாற்றுத் தலமானது. ஐந்து கட்டடங்கள் அதில் அடங்கும்: மெத்தடிஸ்ட் தேவாலயம், பழைய பாப்டிஸ்ட் தேவாலயம், ஹோட்டல், பள்ளிக்கூடம், டவுன்ஷிப் கூடம். கூடம் இப்போது பார்வையாளர் மையம். பாப்டிஸ்ட் சபை பழைய கட்டடத்துக்குப் பக்கத்திலேயே புதியதில் கூடுகிறது.

மேயர் இல்லாததும் எல்லைக்கோடு இல்லாததும் இந்த ஊருக்குப் பலவீனம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஊரின் பெயரில் கடன் வாங்கவோ தண்ணீர்க் குழாய் போடவோ முடியாது, யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாது, எல்லாம் உண்மைதான். ஆனால் அமெரிக்காவில் பதிவுபெற்ற சின்ன நகரங்கள் ஆள் இல்லாமல் தங்களைக் கலைத்துக்கொள்வது வழக்கமாக நடக்கிறது, வாக்கெடுப்பு நடத்தி, கணக்கை முடித்து, பெயரை எடுத்துவிடுகிறார்கள். நிக்கோடெமஸில் கலைப்பதற்கு எதுவும் இல்லை. அங்கே குடியிருக்கும் 14 பேரை மட்டும் எண்ணினால் ஊரின் கணக்கு வராது. டென்வரிலும் டொபீகாவிலும் இருந்துகொண்டு நான் நிக்கோடெமஸ் என்று சொல்கிற பேரப்பிள்ளைகளையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

ஜூலை கடைசி சனிக்கிழமை அவர்கள் வருவார்கள். 24-ஆம் எண் நெடுஞ்சாலையிலிருந்து திரும்பி, கோதுமை அறுத்த தாள் மஞ்சளாக நிற்கும் வயல்களுக்கு நடுவில் கார்கள் வரிசையாக உள்ளே வரும். ஊர்வலம் போகும், கல்லறைத் தோட்டத்தில் குடும்பம் குடும்பமாக நிற்பார்கள், கூடத்தில் பந்தி நடக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஊர் மறுபடியும் அமைதியாகிவிடும், அடுத்த ஜூலை வரை.